கையெழுத்து வாங்கிவிட்டால் ஊர் சம்மதித்ததாகிவிடுமா?

போன மாதம் ஒரு மீனவக் கிராமத்து மகளிர் குழுத் தலைவி போன் செய்தார். "காலேஜ்லேர்ந்து வந்திருக்காங்க. நாலு பக்கத்துல கையெழுத்து கேக்கறாங்க. போடலாமா?" படிவத்தை வாட்ஸப்பில் அனுப்பச் சொன்னேன். தலைப்பிலேயே 'சமூகப் பங்கேற்பு ஆய்வு' என்று இருந்தது. கேள்விகள் ஏற்கெனவே அச்சாகியிருந்தன. நிதி வந்துவிட்டது, அறிக்கைக்குக் கெடுவும் குறித்தாகிவிட்டது. ஊர் எங்கே பங்கேற்றது என்று விசாரித்தால், வீடு காட்ட இரண்டு பையன்களைத் தினக்கூலிக்கு வைத்திருக்கிறார்களாம்.

ஆய்வுகள் மனிதர்களை நியாயமாக நடத்துகின்றனவா என்று பார்க்கும் நெறிமுறைக் குழுக்களில் நான் இருப்பதால் இப்படிப் படிவங்கள் நிறையக் கண்ணில் படுகின்றன. ஒவ்வொரு முறையும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "ஒப்புதல் வாங்கிட்டோமே!"

இந்தப் பதிலைக் கேட்டாலே கோபம் வருகிறது. 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளுக்கு, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசித் திட்டம் ஒன்று நடந்தது. பழங்குடி விடுதிகளில் படித்த பல பிள்ளைகளுக்குப் பெற்றோர் இடத்தில் விடுதிக் காப்பாளர்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதனாலேயே அந்தக் கையெழுத்துகள் இன்னும் உறுத்துகின்றன. நல்ல மருந்தையும் ஊர் சந்தேகத்தோடு பார்க்கும்படி செய்துவிட்டன.

சம்பந்தப்பட்டவரே கையெழுத்திட்டால் மட்டும் சரியா? அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் வாழும் ஹவாசுபாய் மக்கள் 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு ரத்தம் கொடுத்தார்கள். தங்கள் ஊரை அரித்துக்கொண்டிருந்த சர்க்கரை நோய்க்கு வழி பிறக்கும் என்று நம்பித்தான் கொடுத்தார்கள். அதே ரத்தத்தில் மனச்சிதைவு நோய் பற்றியும், நெருங்கிய உறவுக்குள் நடந்த திருமணங்கள் பற்றியும், அவர்களுடைய மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆராய்ந்தார்கள். 2003-ல்தான் மக்களுக்கு விஷயம் தெரிந்தது. வழக்கு நடந்து, 2010-ல் 41 பேருக்கு 7 லட்சம் டாலர் கொடுக்கவும் மிச்ச ரத்த மாதிரிகளைத் திருப்பித் தரவும் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. அங்கேயும் கையெழுத்து இருந்தது.

"ஊர்ப் பஞ்சாயத்தார் சரின்னுட்டாங்க" என்பது அடுத்த பதில். நம் கடற்கரையில் வழிவழியாக வந்த ஊர்ப் பஞ்சாயத்துகள் பெரும்பாலானவற்றில் பெண்களுக்கு இடம் கிடையாது. தலைச்சுமையாக மீன் விற்கும் பெண்ணின் வருமானத்தைப் பற்றிய ஆய்வுக்கு அந்தப் பஞ்சாயத்தார் எப்படிச் சம்மதம் சொல்ல முடியும்? அவர்களைப் பார்த்துவிட்டு ஊருக்குள் நுழைவது மரியாதை. அதோடு நின்றால், அந்தப் பெண்ணை யாருமே கேட்கவில்லை என்றுதான் அர்த்தம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதலும் ஊர்ப்பெரியவரின் அனுமதி தனிநபர் சம்மதத்துக்கு ஈடாகாது என்றே சொல்கிறது.

ஊரே கேள்வியை எழுப்பிய ஆய்வு எப்படி இருக்கும் என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டாம், கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைப் பாருங்கள். அங்கே ஆலைக் காற்றைச் சுவாசித்த மக்களுக்குக் கேள்வி ஏற்கெனவே இருந்தது: ராத்திரி வரும் இந்த நாற்றம் என்ன? 2004-ல் ஊர்க்காரர்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, எந்த நாற்றம், எத்தனை மணிக்கு, காற்று எந்தப் பக்கமிருந்து என்று குறித்தார்கள். பிளாஸ்டிக் வாளிக்குள் தனிப்பை ஒன்றை வைத்து, நாற்றம் வந்த நேரத்திலேயே காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். நாற்றம் எப்போது வரும் என்பது ராத்திரி அங்கேயே படுத்திருந்த ஊருக்குத்தான் தெரியும். பகலில் வந்து போகும் அதிகாரிக்கோ ஆய்வாளருக்கோ அது தெரிய வழியில்லை. வேதியியல் ஆய்வை நிபுணர்கள் செய்தார்கள், எதை அளப்பது, எப்போது அளப்பது என்பதை ஊர் முடிவு செய்தது.

ஆய்வுக்குக் கிளம்பும் பிள்ளைகளே, திட்ட வரைவு எழுதும் முன் ஒரு தடவையாவது ஊருக்குப் போங்கள். விற்கப் போன பெண்கள் திரும்பும் நேரம் பார்த்துப் போங்கள். காலை பத்து மணிக்குப் போய் வீட்டிலிருக்கும் ஆம்பளையைக் கேட்டுவிட்டு 'குடும்பக் கருத்து' என்று எழுதாதீர்கள். உங்களுக்குப் பதில் சொல்ல உட்காருகிறவர்கள் இழக்கும் கூலிக்கு நிதியில் பணம் ஒதுக்குங்கள். முடிவைத் தமிழில், முதலில் அவர்களிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று, இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். ஊர்ப் பெயரைப் போடும் முன் கேளுங்கள். மீனில் பாதரசம் என்று ஊர்ப் பெயரோடு செய்தி வந்தால், மறுநாள் சந்தையிலிருந்து கூடை அப்படியே திரும்பி வரும். நஷ்டம் ஆலைக்கு இல்லை, அந்தக் கூடைக்காரிக்குத்தான். உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. எப்போது, எப்படி, யார் வாயால் சொல்வது என்பதில் அவருக்கும் பேச்சு இருக்கட்டும்.

ஊர்க்காரர்களுக்கும் சில வார்த்தை. இந்தக் கேள்விகளை யார் முடிவு செய்தார்கள், விவரம் யாரிடம் இருக்கும், ரத்தமோ தலைமுடியோ எடுத்தால் வேறெதற்கும் பயன்படுத்துவார்களா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. வேண்டாம் என்றால் ரேஷனோ முதியோர் உதவித்தொகையோ நிற்காது, யாராவது அப்படி மிரட்டினால் நம்பாதீர்கள். பாதியில் விலகவும் செய்யலாம். கையெழுத்திட்ட படிவத்தின் ஒரு நகலைக் கையோடு வாங்கிவிடுங்கள். அதில் நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த எண்ணை எழுதித் தரும்வரை கைநாட்டு வைக்காதீர்கள்.