மானியம்: நிலமாக இருந்த சொல்

கூட்டுறவு சங்கத்தில் யூரியா வாங்குபவரைக் கவனித்திருக்கிறீர்களா? ஆதார் எண்ணைச் சொல்கிறார், கருவியில் விரலை வைக்கிறார், 45 கிலோ மூட்டைக்கு 266 ரூபாய் 50 காசு கொடுத்துவிட்டுத் தூக்கிக்கொண்டு போகிறார். அந்த விற்பனை பதிவான பிறகுதான் மத்திய அரசின் பணம் நகரும், அதுவும் உரக் கம்பெனியின் கணக்குக்கு. விரல் விவசாயியுடையது, வரவு வேறொருவருக்கு. இதைத்தான் மானியம் என்கிறோம். கடையில் கேட்டால் ‘சப்சிடி’.

மானியம் வடமொழி வழி வந்த சொல். மானம் என்றால் மதிப்பு, மானியம், மதிப்புக்குரியது. தமிழில் அது நிலத்தோடு ஒட்டிக்கொண்டது. கோயிலுக்கோ, கணக்குப்பிள்ளை, நாவிதர், வெட்டியான் என்று ஊர் வேலை பார்ப்பவர்களுக்கோ, வரி இல்லாமலோ பெயருக்கு ஒரு வரியோடோ விடப்பட்ட நிலம்தான் மானியம். கூலிக்குப் பதில் காணி. மரியாதை யாருக்கு எவ்வளவு கிடைத்தது என்பது வேறு கதை. தமிழ்நாட்டில் 1963-ஆம் ஆண்டுச் சட்டம் ‘சிறு இனாம்’ எனப்பட்ட இத்தகைய மானியங்களை ஒழித்து, நிலம் வைத்திருப்பவர் நேரடியாக அரசுக்கு வரி கட்டும் ரயத்துவாரி முறைக்கு மாற்றியது. நிலம் பட்டாவுக்குள் போய்விட்டது, சொல் மட்டும் வெளியே நின்றது.

அதற்கு முன்பே கல்வெட்டுகளில் நல்ல தமிழ் இருக்கிறது. இறை என்றால் வரி, ஆகவே வரி இல்லாத நிலம் ‘இறையிலி’. ஏரியைப் பராமரிக்க விட்ட நிலம் ‘ஏரிப்பட்டி’.

சப்சிடியின் கதை இன்னும் வேடிக்கை. லத்தீனில் அதன் மூலச்சொல்லுக்கு, பின்வரிசையில் காத்திருக்கும் துணைப்படை என்று பொருள். இங்கிலாந்தில் அது, நாடாளுமன்றம் இசைந்து மன்னருக்கு அளித்த வரிப்பணம் ஆனது. அதாவது குடிகள் அரசுக்குக் கொடுத்தது! பிற்பாடுதான் திசை திரும்பியது. நம் சட்டமன்றத்தில் ‘மானியக் கோரிக்கை’ என்று அமைச்சர்கள் அவையிடம் பணம் கேட்பதில் அந்தப் பழைய வாடை கொஞ்சம் அடிக்கிறது.

சரி, தனித்தமிழில் என்ன சொல்வது? ‘நல்கை’ என்பார்கள். அழகான சொல்தான், ஆனால் மொத்தமாகத் தூக்கிக் கொடுப்பதற்கே பொருந்தும். உதவித்தொகையை மாணவர்களும் முதியவர்களும் எடுத்துக்கொண்டார்கள். சப்சிடியில் நடப்பதோ, விலையில் ஒரு பங்கை அரசு ஏற்பது. இதற்கு வேளாண் துறையின் ‘பின்னேற்பு மானியம்’ என்ற தொடரைப் பாருங்கள்: முழு விலையையும் முதலில் விவசாயி கைக்காசு போட்டோ கடன் வாங்கியோ கட்ட வேண்டும், அரசின் பங்கு அப்புறம் வரும். ‘ஏற்பு’ என்ற சரியான சொல் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. என்னைக் கேட்டால் ‘விலையேற்பு’ என்றே சொல்லிவிடலாம்.

அதுவும் எல்லாவற்றுக்கும் ஒத்துவராது. 1933-இல் அமெரிக்க அரசு, முளைத்து நின்ற பருத்தியை உழுது அழித்ததற்கு விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தது. விளைச்சல் குறைந்தால் விலை ஏறும் என்பது கணக்கு. இதில் எந்த விலையை யார் ஏற்றார்கள்? இழப்பீடு என்பதே பொருத்தம்.

2019 முதல் ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணையாக வரும் பிரதமர் கிசான் பணத்தை அரசுத் தாள்கள் ‘ஊக்கத்தொகை’, ‘நிதியுதவி’ என்று மாற்றி மாற்றி எழுதுகின்றன. ஊரில் அதற்கு ஒரே பெயர்தான்: “ரெண்டாயிரம் ஏறிடுச்சா?”