முட்டை நிற்கிறதா, சாய்ந்திருக்கிறதா?

தேனீப் பெட்டியைத் திறந்ததும், புதிதாகக் கற்க வந்தவர்கள் ராணியைத்தான் தேடுவார்கள். ஆயிரக்கணக்கான தேனீக்கள் மொய்க்கும் அடையில் அது சட்டென்று கண்ணில் படாது. தேனீ வளர்ப்போர் சங்கத்தில் பல வருடம் பழகியவர்கள் பெரும்பாலும் ராணியைத் தேடுவதே இல்லை. அடை கட்டப்பட்ட மரச்சட்டத்தைத் தூக்கி, வெயில் தங்கள் முதுகுப் பக்கமிருந்து அறைகளுக்குள் விழும்படி சாய்த்துப் பிடிக்கிறார்கள். "முட்டை இருக்கு, நிமிர்ந்து நிக்குது. மூடிடலாம்." அவ்வளவுதான்.

தேனீயின் முட்டை சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் நீளமுள்ள வெள்ளைத் துணுக்கு. ராணி அதை அறையின் அடியில் செங்குத்தாக ஒட்டிவிட்டுப் போகும். முட்டை மெல்ல மெல்லச் சாய்ந்து மூன்றாம் நாள் படுத்துவிடும். அப்புறம் புழு வெளிவரும். ஆகவே நிமிர்ந்த முட்டையைப் பார்த்தால், நேற்றோ இன்றோ ராணி அங்கே வந்து போயிருக்கிறது. ராணியையே பார்த்தாலும் இவ்வளவு தெரியாது. அது உயிரோடு இருப்பது தெரியும், முட்டையிடுகிறதா என்பது தெரியாது.

இந்தக் கணக்கு இன்னும் நீள்கிறது. பெட்டிகளில் பரவலாக வளர்க்கப்படும் ஐரோப்பியத் தேனீயில், வேலைக்காரத் தேனீ முட்டையாக 3 நாள், திறந்த அறையில் புழுவாக ஏறக்குறைய 6 நாள், மெழுகு மூடிக்குள் 12 நாள் என மொத்தம் 21 நாளில் வெளிவருகிறது. ராணி தினமும் ஒரே அளவில் முட்டையிட்டால், முட்டை 1 பங்கு, புழு 2 பங்கு, மூடிய அறை 4 பங்கு என்று அடையில் இருக்க வேண்டும். முட்டையும் புழுவும் இதைவிட அதிகமா? குடும்பம் பெருகுகிறது. மூடிய அறைகள் மட்டும் நிறைந்து முட்டை குறைவா? ராணியின் வேகம் சமீபத்தில் தளர்ந்திருக்கிறது. மூன்று வாரத்துக் கதையை ஒரே பார்வையில் சொல்லும் இந்தக் கணக்கைவிட அழகான பாடம் தேனீ வளர்ப்பில் இல்லை என்பேன்.

ஆனால் ஒரே ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு இதைக் கற்பது கடினம். ஓர் அறையில் இரண்டு மூன்று முட்டைகள் கிடக்கின்றன என்று வையுங்கள். முட்டையிடத் தொடங்கிய இளம் ராணியும் சில நாள் அப்படிச் செய்யும். ராணியும் இளம் புழுக்களும் இல்லாத கூட்டில் வேலைக்காரத் தேனீக்களே முட்டையிடத் தொடங்கினாலும் அப்படித்தான் தெரியும். அவற்றின் வயிறு குட்டை; அடிவரை எட்டாமல் முட்டைகளை அறைச் சுவரில் ஒட்டிவிடும். கருவுறாத அந்த முட்டைகளிலிருந்து ஆண் தேனீக்களே வரும் என்பதால் அந்தக் கூடு தானாக மீளாது. இளம் ராணி என்றால் காத்திருந்தால் போதும். இரண்டையும் பிரித்துச் சொல்ல, இரண்டையும் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். சங்கத்தில் பலருடைய பெட்டிகள் வரிசையாகத் திறக்கப்படுவதால் அந்த வாய்ப்பு சீக்கிரமே கிடைக்கிறது.

கைப்பழக்கமும் அங்கேதான் வருகிறது. கொட்டிய இடத்திலிருந்து வாழைப்பழ வாசம் போல ஒன்று எழும். மற்ற தேனீக்களையும் கொட்டக் கூப்பிடும் எச்சரிக்கை வாசம் அது. புகை, தேனீயின் உணர்கொம்புகள் அதை உணர்வதை மட்டுப்படுத்துகிறது. அதனால் கொட்டு வாங்கியதும் கொடுக்கை உடனே எடுத்துவிட்டு, அந்த இடத்தில் புகை ஊதும் கருவியான புகைப்பானை இரண்டு முறை அழுத்தச் சொல்வார்கள்.

சரி, திறந்த பெட்டியில் புழு இருக்கிறது, முட்டையே இல்லை என்றால்? ராணி முட்டையிடுவதை நிறுத்தி 3 நாளாவது ஆகியிருக்கும். இறந்திருக்கலாம், அல்லது கூட்டிலிருந்து ஒரு பகுதித் தேனீக்கள் பிரிந்து பறக்கப்போகும் சமயமாக இருக்கலாம். இப்போது புது ராணி வளரும் ராணி அறைகளைத் தேட வேண்டும். வேர்க்கடலை போலத் தொங்கும் அந்த அறைகள் அடையின் கீழ் விளிம்பில் பல இருந்தால், பெரும்பாலும் பிரியும் ஏற்பாடு. அடையின் நடுப்பரப்பில், சாதாரணப் புழு அறையை நீட்டிக் கட்டியிருந்தால், ராணியை இழந்தவை இளம் புழுவிலிருந்து அவசரமாக இன்னொன்றை உருவாக்குகின்றன. முட்டையிலிருந்து ராணி வெளிவர 16 நாளே ஆகும். முந்தைய சோதனையின் தேதியை மூடியின் உட்புறம் எழுதிவைப்பவர்கள், எந்த நாளில் புது ராணி வரும் என்பதை அங்கேயே நின்று கணக்கிட்டுவிடுகிறார்கள்.