கடல் நீர்நாயை எழுப்பிவிட்டாலும் குற்றம்: அமெரிக்கச் சட்டம் சொல்வது என்ன?

அமெரிக்காவில் கடல் நீர்நாயைக் கொல்வதும் பிடிப்பதும் மட்டும் குற்றமல்ல, தொல்லை கொடுப்பதும் குற்றம்தான். 1972-ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. மல்லாந்து மிதந்து தூங்கும் நீர்நாய் உங்கள் கயாக்கை (சிறு துடுப்புப் படகு) கண்டு மிரண்டு மூழ்கினால், அதுவும் தொல்லையாகக் கருதப்படலாம். ஓராண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்க இடமுண்டு.

இது அதிகப்படியான கண்டிப்பு அல்ல. திமிங்கலத்துக்கும் சீலுக்கும் தோலுக்கடியில் இருக்கும் தடித்த கொழுப்பு நீர்நாய்க்குக் கிடையாது. பசிபிக்கின் குளிரில் அதைக் காப்பாற்றுவது அடர்ந்த ரோமமும் ஓயாத தீனியும்தான். தினமும் தன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு தின்றாக வேண்டும். ஆள் நெருங்கும்போதெல்லாம் விழித்து ஓடினால், தின்று சேர்த்த சக்தி வீணாகிறது. பாலூட்டும் தாய்க்கு அந்த இழப்பு உயிரையே பறிக்கக்கூடும். அதனால்தான் ஐந்து கயாக் நீளம், அதாவது சுமார் 18 மீட்டராவது தள்ளி நிற்கச் சொல்கிறார்கள்.

அதே ரோமத்துக்காகத்தான் 1741-க்குப் பிறகு இந்த இனத்தை வேட்டையாடித் தீர்த்தார்கள். அமெரிக்கா, ரஷ்யா, ஜப்பான், பிரிட்டன் நான்கும் வேட்டையைத் தடுக்க 1911-ல் ஒப்பந்தம் போட்டபோது கலிபோர்னியாவில் பிக் சர் கரையோரம் ஐம்பது போல மட்டுமே மிஞ்சியிருந்தன. அங்கே இன்றுள்ள சுமார் 3,000 நீர்நாய்களும் அவற்றின் வழிவந்தவையே. 1977-ல் இவற்றை அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர்த்தார்கள். ஒரே ஒரு எண்ணெய்க் கசிவு அத்தனையையும் அழித்துவிடும் என்பது பெரிய அச்சம். 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலின் எண்ணெய் கொட்டி நீர்நாய்கள் செத்து ஒதுங்கியபோது அந்த அச்சம் நியாயம் என்று தெரிந்தது.

அந்த ஆபத்துக்கு மாற்றாக 1987 முதல் தெற்குக் கலிபோர்னியாவின் சான் நிக்கோலஸ் தீவில் 140 நீர்நாய்களைக் கொண்டுபோய் விட்டார்கள். மீனவர்களின் எதிர்ப்பைத் தணிக்க, கலிபோர்னியக் கரையிலுள்ள பாயின்ட் கன்செப்ஷன் முனைக்குத் தெற்கே அந்தத் தீவைச் சுற்றிய பகுதி தவிர வேறெங்கும் நீர்நாய் இருக்கக் கூடாது என்றும் விதித்தார்கள். வந்தால் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். தீவில் விட்டவற்றில் பலவும் பழைய இடத்துக்கே நீந்திப் போயின. பிடிக்கும் வேலை 1993-ல் நின்றது, விதியே 2012-ல் ரத்தானது. அது ரத்தானது சரியே. நீர்நாய் கடல் முள்ளெலியை (உடலெல்லாம் முள் உள்ள சிறு கடலுயிர்) தின்கிறது. தின்னாவிட்டால் முள்ளெலி பெருகிக் கெல்ப் என்னும் கடற்பாசிக் காட்டை மொட்டையடித்துவிடும். அலாஸ்காவின் அலூசியன் தீவுகளில் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் எஸ்டஸும் ஜான் பால்மிசானோவும் இதைக் கண்டறிந்து 1974-லேயே எழுதினார்கள்.

சட்டத்தில் ஒரு முக்கிய விலக்கு உண்டு. அலாஸ்கா கடலோரப் பழங்குடியினர் தங்கள் வாழ்வாதாரத்துக்கும் மரபுக் கைவினைக்கும் வேட்டையாடலாம். ஆனால் வீணாக்கக் கூடாது, தோலுக்கு அடையாள வில்லை பெற வேண்டும்.

கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு இன்னொன்று. பூனைக் கழிவிலுள்ள டாக்சோபிளாஸ்மா கிருமி கடலில் கலந்து நீர்நாயைக் கொல்கிறது. அதனால் வீட்டுப் பூனை கழிவிட வைக்கும் மணலைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள் என்று பொட்டலத்திலேயே அச்சிட 2006-ல் மாநிலம் சட்டம் போட்டது. மாநில வருமான வரிப் படிவத்தின் நன்கொடைப் பகுதியில் கடல் நீர்நாய் நிதியும் அதே சட்டத்தால் வந்ததுதான். ஆண்டுதோறும் குறைந்தபட்சத் தொகை சேர்ந்தால்தான் அது படிவத்தில் நீடிக்கும். வரி கட்டும்போது அந்தக் கட்டத்தில் சிறு தொகையாவது எழுதுங்கள்.