ஹோஸ்டிங்: விருந்தா, வாடகையா?

மதுரையில் கடைக்கு இணையதளம் அமைத்துத் தருபவரிடம் விலை கேட்டால், பட்டியலில் 'ஹோஸ்டிங்' என்று ஒரு வரி இருக்கும். கடையின் காணொலிகளும் வேண்டும் என்றால் 'வீடியோ ஹோஸ்டிங்' தனியாகச் சேரும். காணொலிக் கோப்பைத் தம் கணினிகளில் வைத்துக் காத்து, கேட்பவரின் திரைக்கு அனுப்பும் சேவைக்கு அந்தப் பெயர்.

வேர், இலத்தீனின் 'ஹோஸ்பெஸ்'. விருந்தளிப்பவர், விருந்தினர் இருவரையும் அதே சொல் குறித்தது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'ஹோஸ்ட்' ஆயிற்று. ஹோட்டல், ஹாஸ்டல், ஹாஸ்பிட்டல் எல்லாம் பங்காளிகள். 1969இல், இணையத்தின் முன்னோடியான அர்ப்பாநெட் வலையமைப்பில் இணைந்த கணினிகளையும் 'ஹோஸ்ட்' என்றே அழைத்தார்கள்.

ஆக, அந்தச் சொல்லுக்குள் இலவசமும் கட்டணமும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. மதுரை ரயில் நிலையத்துக்கு எதிரே வழிப்போக்கர்களுக்கென்று எழுந்த மங்கம்மாள் சத்திரமும், அக்கம்பக்கத்தில் நாள் வாடகை வாங்கும் லாட்ஜுகளும் போல. சத்திரமாகத் தொடங்கி லாட்ஜாக மாறியதற்கு விமியோ என்னும் காணொலித் தளம் நல்ல சான்று.

யூடியூபுக்கு முன்பே, 2004இல், ஜேக் லாட்விக், சாக் கிளைன் இருவரும் அதைத் தொடங்கினார்கள். ('விமியோ'வின் ஆங்கில எழுத்துகளை மாற்றி அடுக்கினால் 'மூவி' வரும்.) 2007இலேயே உயர்தெளிவுக் காணொலியை ஏற்றதால் குறும்படக்காரர்கள் அங்கே குவிந்தார்கள். வணிகக் காணொலிக்கு அப்போது அனுமதியே இல்லை. 2011இல் ஆண்டுக்கு 199 டாலர் கட்டணத்தில் 'விமியோ புரோ' வந்த பிறகே வியாபாரிகளுக்குக் கதவு திறந்தது. நெட்பிளிக்ஸ் பாணியில் சொந்தப் படைப்புகளுக்குச் சந்தா வாங்கும் திட்டம் 2017இல் கைவிடப்பட்டது; அதே ஆண்டு தலைமைப் பொறுப்பேற்ற அஞ்சலி சூட், நிறுவனங்களுக்கான கருவிகள் பக்கம் திரும்பினார். நேரலைக்காக லைவ்ஸ்ட்ரீம் என்ற நிறுவனத்தையும் அதே ஆண்டு வாங்கினார்கள். 2021இல் தாய் நிறுவனத்திலிருந்து பிரிந்து பங்குச்சந்தைக்கு வந்தது.

இலவசமாக யூடியூப் இருக்கும்போது பணம் எதற்கு என்று கேட்கலாம். சுங்குடிச் சேலை மொத்த வியாபாரி தன் தளத்தில் போடும் காணொலிக்கு முன்னால் விளம்பரம் ஓடாது. முடிந்ததும் போட்டிக் கடையின் சேலை எட்டிப் பார்க்காது. பயிற்சி மையம் தன் பாடங்களைத் தன் தளத்தில் மட்டுமே ஓடும்படி பூட்டிவைக்கலாம். கல்யாண வீடியோ எடுப்பவர் கடவுச்சொல் வைத்துச் சிங்கப்பூர் உறவினருக்கு அனுப்பலாம். பெண் வீட்டார் திருத்தம் சொன்னால் இணைப்பு மாறாமல் கோப்பை மட்டும் மாற்றிவிடலாம். காசு இதற்குத்தான்.

இனித் தமிழுக்கு வருவோம். கலைச்சொல் பட்டியல்களில் ஹோஸ்டுக்குப் 'புரவலர்' உண்டு. கம்பீரமான சொல்தான்; ஆனால் புரவலர் இரவலருக்குக் கொடுப்பவர், மாதச் சந்தா வாங்குபவர் அல்லர். 'விருந்தோம்பி'யும் இங்கே பொருந்தாது. அதில் விருந்தைக் கழித்து ஓம்பலை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஓம்புதல் என்றால் பேணிக் காத்தல். கூலி வாங்கிக்கொண்டும் பேணலாம். ஒட்டுண்ணிக்கு இடம் தரும் உயிரை உயிரியலில் 'ஓம்புயிரி' என்கிறோம். அங்கேயும் விருந்து இல்லை. எனவே வீடியோ ஹோஸ்டிங் 'காணொலி ஓம்பல்'. அதைச் செய்யும் நிறுவனம் 'ஓம்புநர்'. பணம் கட்டுகிறவர் வாடிக்கையாளர்.