‘அப்போ’ என்ற சொல்லைக் கவனியுங்கள்

குடும்பநல ஆலோசகராக என் அறையில் நான் தினமும் கேட்கும் சொல் ஒன்று உண்டு. திட்டோ வசவோ அல்ல, சாதாரண ‘அப்போ’தான். “மூணு தடவை கூப்பிட்டேன், நீங்க எடுக்கல. அப்போ என்னைத் தவிர்க்கிறீங்க.” அந்தச் சொல்லுக்கு முன்னால் இருப்பது நடந்த விஷயம். பின்னால் வருவது நாமாக எட்டிய முடிவு. சண்டையெல்லாம் முடிவைப் பற்றித்தான் நடக்கிறது. நடுவில் இருக்கும் ‘அப்போ’ எந்த வகை என்று யாரும் பார்ப்பதில்லை. வகைக்கு வகை பதில் வேறு.

ஒரு தம்பதி வந்திருந்தார்கள் (அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்). மனைவி அமைதியாகச் சொன்னார்: “என் மேல அன்பு இருந்தா, நான் சொல்லாமலே இவருக்குப் புரிஞ்சிருக்கும். புரியல. அப்போ அன்பு இல்ல.” கணவர் அவருக்காகச் செய்ததையெல்லாம் அரை மணி நேரம் அடுக்கினார். ஒன்றுகூட அவர் காதில் ஏறவில்லை.

ஏன் ஏறவில்லை? மனைவியுடைய வாதத்தின் கட்டுமானத்தில் குறையே இல்லை. முதல் இரண்டு வரிகள் உண்மையென்றால் மூன்றாவதும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். பொது விதியிலிருந்து முடிவுக்கு இறங்கும் இந்த வகையை அரிஸ்டாட்டில் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே வரையறுத்து எழுதினார். இதில் முடிவோடு மல்லுக்கு நின்று பயனில்லை. ஓட்டை இருந்தால் மேலே, முதல் வரியில்தான் இருக்கும்.

“உங்க அம்மாவுக்கு உங்க மேல அன்பு இருந்ததா?” என்று கேட்டேன். “அதிலென்ன சந்தேகம்?” என்றார். “அவங்களுக்கு நீங்க சொல்லாமலே எல்லாம் புரிஞ்சுதா?” கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “கத்திச் சொன்னாக்கூட சில விஷயம் புரியாது” என்றார். அன்பிருந்தும் புரியாமல் போகலாம் என்பதை அவரே சொல்லிவிட்டார். அன்பு இருக்கிறதா என்ற விசாரணை அங்கே நின்றது. அவர் சொல்லத் தயங்கியது என்ன என்ற பேச்சு தொடங்கியது.

இதே கட்டுமானத்தைத் தலைகீழாக்கிப் பேசும்போதுதான் பிள்ளைகள் அடிபடுகிறார்கள். “தப்பு செஞ்சவன் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டான். நீ பார்க்கல. அப்போ நீதான் செஞ்சிருக்கே.” மழை பெய்தால் தரை நனையும், சரி. தரை நனைந்திருப்பதாலேயே மழை பெய்தது என்றாகிவிடுமா? பயந்த பிள்ளையும் கூச்சமுள்ள பிள்ளையும்கூடத் தலையைக் குனிந்துதான் நிற்கும். இப்படிக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு பிள்ளை பிறகு உண்மையைச் சொல்வதையே நிறுத்திவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு தாங்குவதில்லை.

‘எப்பவும்’, ‘ஒருநாளும்’ என்று தொடங்கும் பேச்சு வேறு வகை. சில அனுபவங்களைச் சேர்த்துப் பொது விதி செய்வது. அன்னமென்றால் வெள்ளைதான் என்று ஐரோப்பியர்கள் நம்பியிருந்தார்கள். 1697-இல் டச்சு மாலுமிகள் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் கறுப்பு அன்னங்களைக் கண்டதும் அந்த விதி உடைந்தது. வீட்டில் இதற்கு நான் சொல்வது ஒன்றுதான்: இரண்டு வாரம் குறித்து வையுங்கள். மனசு வலித்த நாளை மறப்பதில்லை, சும்மா கழிந்த நாளைக் கணக்கில் வைப்பதில்லை. சில சமயம் குறிப்பு புகாரையே உறுதிசெய்யும். அதுவும் நல்லதுதான். ‘எப்பவும்’ போய், ‘பதினான்கில் ஒன்பது நாள்’ என்று பேசலாம்.

எடுக்காத போனுக்கு வருவோம். கண்ட ஒன்றுக்குப் பொருத்தமான காரணத்தை ஊகிப்பது அது. சார்லஸ் பியர்ஸ் என்ற அமெரிக்கத் தத்துவஞானி இதைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். மருத்துவர் நோயைக் கண்டுபிடிப்பதும் பெரும்பாலும் இப்படித்தான். ஊகிப்பதில் தவறில்லை, முதலில் தோன்றிய காரணத்தோடு நின்றுவிடுவதில்தான் தவறு. வேறு இரண்டு காரணங்களையும் யோசித்துவிட்டு, எது சரி என்று அவரிடமே கேளுங்கள். எந்தக் காரணம் முதலில் தோன்றுகிறது என்பது நம் பயத்தைப் பொறுத்தது. முன்பு கைவிடப்பட்டவருக்கு ‘தவிர்க்கிறார்’ என்றுதான் முதலில் தோன்றும்.

“அண்ணன் படிச்சான், நீ ஏன் படிக்கல?” என்ற ஒப்பீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். இருவரும் எதில் ஒன்று, எதில் வேறு என்று கேட்டாலே போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அடி விழும் வீட்டில் இருப்பவருக்கு இது எதுவும் பொருந்தாது. அங்கே வேறு காரணம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், உதவி கேளுங்கள்.

மற்ற வீடுகளில், ‘அப்போ’ காதில் விழுந்ததும் “எதை வச்சு அப்படி நினைச்சே?” என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டால் அதே கேள்வி குறுக்கு விசாரணையாகிவிடும்.