பழைய ஏர்கூல்டு வேன்ல ஹீட்டர கழட்டப் போறியளா?

நாகர்கோவில்ல ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன். பழைய ஃபோக்ஸ்வேகன் வேன் நம்ம ஜில்லாவுல அபூர்வம், ஆனா வாற ஒண்ணு ரெண்டு பேரும் தவறாம கேக்குறது "அண்ணாச்சி, நம்ம ஊரு வெக்கைக்கு ஹீட்டர் எதுக்கு, கழட்டிப் போட்டுரலாமா?"ன்னுதான். கழட்டலாம், நானே கழட்டியிருக்கேன், ஆனா அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்கிட்டு கை வைக்கணும்.

இந்த வண்டியில ரேடியேட்டரும் இல்ல தண்ணியும் இல்ல, பின்னால கெடக்க எஞ்சின ஃபேன் காத்துதான் ஆத்துது. அதுல கொஞ்சம் காத்து ரெண்டு ஹோஸ் வழியா கீழ இறங்கி, எக்ஸாஸ்ட் பைப்ப சுத்தி இருக்க தகரப் பெட்டிக்குள்ள போயி சூடாகி, அப்படியே வண்டிக்குள்ள வருது. புகைக்கும் நாம மூச்சு விடுற காத்துக்கும் நடுவுல அந்த பைப்போட கனம் மட்டும்தான், பாத்துக்கிடுங்க.

கொளச்சல் பக்கத்துல இருந்து ஒரு குடும்பம் வந்தாவ. பேச்சிப்பாறை போயிட்டு திரும்பும்போது நல்ல மழை, கண்ணாடி எல்லாம் ஏத்திவிட்டு, முன் கண்ணாடியில ஆவி பிடிக்குன்னு ஹீட்டரயும் திறந்திருக்காவ. பின் சீட்டுல பிள்ளைய ரெண்டும் தலைவலிக்குன்னு சொல்லி சின்னது வாந்தியும் எடுத்திருக்கு, வளைவு ரோடுல்லா அதான்னு நினைச்சிருக்காவ. வண்டிய தூக்கி, பெட்டி மேல ஸ்க்ரூ டிரைவர் முனைய வச்சு லேசா அழுத்துனேன், அப்பளம் மாதிரி உள்ள போயிட்டு. கடக்கரை உப்புக்காத்து தின்னுருக்கு. உள்ள பைப்புல நகம் நுழையிற அளவு விரிசல், சுத்தி கரி. எனக்கு கை நடுங்கிட்டு. புகையில வாற கார்பன் மோனாக்சைடுங்குற விஷ வாயுவுக்கு நிறமும் இல்ல மணமும் இல்ல, ரத்தத்துல இருக்க ஹீமோகுளோபின ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா பிடிச்சுக்கிடும். தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் இப்படி எது வந்தாலும் உடனே வண்டிய ஓரங்கட்டி எல்லாரையும் வெளிக்காத்துக்கு இறக்குங்க, 108க்கு போன் பண்ணுங்க. ஹீட்டர் லீவர மூடி வச்சா போதும்னு நம்பாதிய, சூட்டுக்காத்த அடைக்குற ஃபிளாப் துருப்பிடிச்சிருந்தா முழுசா மூடாது.

சரி, கழட்டுற வேலைக்கு வருவோம். 1600 எஞ்சின்ல ஒண்ணாம் மூணாம் சிலிண்டர் புகை அந்த பெட்டி வழியாத்தான் சைலன்சருக்குப் போகும், அதனால பெட்டிய எடுத்தா அந்த இடத்துக்கு ஜே பைப்பும் (பெட்டி இல்லாத வெறும் எக்ஸாஸ்ட் பைப்பு) புது கேஸ்கெட்டும் வேணும். சிலிண்டர் ஹெட்டுல பைப்ப பிடிச்சிருக்க ஸ்டட்டுக்கு (மரை வெட்டுன கம்பி) முந்தின நாளே துரு இளக்குற ஆயில் அடிச்சு ஊற விடுங்க, அவசரப்பட்டு ஸ்பேனர் போட்டா முறிஞ்சிரும், பிறகு ஹெட்ட இறக்கணும்.

எல்லாரும் கோட்டை விடுற இடம் இதுக்குப் பிறகுதான். ஃபேன் கூட்டுல ஹோஸ் மாட்டுன ரெண்டு ஓட்டையும் அப்படியே திறந்து கெடந்தா சிலிண்டருக்குப் போக வேண்டிய காத்து அது வழியா வீணாப் போகும், ஒரு வண்டியில யாரோ பழந்துணிய திணிச்சு விட்டிருந்தாவ, அது எப்பவோ பறந்து போயிருக்கு, ஆரல்வாய்மொழி தாண்டுறதுக்குள்ள எஞ்சின் ஜாம். டெம்பரேச்சர் மீட்டரும் கெடையாதா, ஓட்டுனவருக்கு ஒண்ணும் தெரியல. இரும்பு மூடி போட்டு கிளாம்ப் வச்சு இறுக்கணும். பெட்டி இருந்த இடத்து தகரத்தையும் எஞ்சின சுத்தி இருக்க ரப்பர் சீலையும் விட்டுராதிய, அதுல இடைவெளி விழுந்தா கீழ இருக்க சூட்டுக்காத்து மேல ஏறி ஃபேன் அதையே திரும்ப இழுக்கும். வண்டிக்குள்ள போற குழாய் வாயையும் அடைக்கணும். பெட்டிய கழட்டாம வச்சுக்கிடுறவிய ஹோஸ மட்டும் பிடுங்க வேண்டாம், அந்தக் காத்து பெட்டிக்கும் வேணும்.

இன்டேக் மேனிஃபோல்டு கூட ஒட்டி சைலன்சருக்குப் போற சின்ன பைப்பையும் ஹீட்டர்னு நினைச்சு வெட்டுறாவ, அது கார்பரேட்டருக்குக் கீழ பெட்ரோல் கலவை குளிராம இருக்கறதுக்கு, அத வெட்டாம விட்டுருங்க.

ஹீட்டர் போனா முன் கண்ணாடி ஆவிய விரட்டுற காத்தும் போச்சு. நமக்கு ஜூன்லயும் மழை, ஐப்பசியிலயும் மழை. கொளச்சல் வண்டிக்கு டேஷ்போர்டுல ஒரு சின்ன ஃபேன் வச்சுக் கொடுத்தேன். ரொம்ப பழைய வண்டி 6 வோல்ட்டா இருக்கும், 12 வோல்ட் ஃபேன் வாங்குறதுக்கு முன்னால பேட்டரிய பாத்துக்கிடுங்க.