காற்றாலைக்கு முன் கரைவலைப் பாட்டைக் குறியுங்கள்

கொழும்பில் மேசைமேல் விரிக்கும் வரைபடத்தில் மன்னார்க் கரை வெறும் மணலாகத்தான் தெரியும். தம்பபவனியின் 30 காற்றாலைகள், மொத்தம் 103.5 மெகாவாற்று, மன்னார்த் தீவின் தென்கரையோரம் நிற்கின்றன. இனி எந்தக் கரைக்குத் திட்டம் போனாலும் முதலில் கேட்கவேண்டியது, அந்த மணலில் யாருடைய பாடு, அதாவது கரைவலை இழுக்கும் இடம், இருக்கிறது என்பதுதான்.

பாடு காணி உறுதியில் வராது. வள்ளம் வலையை அரைவட்டமாக விட்டுவர, இரண்டு அணிகள் கரையில் நின்று கயிறு இழுக்கும். இழுக்க இழுக்க ஒன்றையொன்று நெருங்கி நடக்கும். ஆக, அவர்கள் நடக்கும் மணல் முழுவதும் வேண்டும், வலை தவழ்ந்து வரும் கடலடியும் வேண்டும். கரையில் கொட்டிய கருங்கல்லோ, மணல் அரித்து வெளியே தெரியும் கேபிளோ ஒன்று போதும், மீன் சேரும் வலைப்பையான மடி கிழிந்துவிடும். வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரோடு நடந்து இடக்கயிறு, வலக்கயிறு, வலை எட்டும் தூரம், வாடி (மீனவர் தங்கும் கொட்டில்) என நான்கு புள்ளிகளைக் கைத்தொலைபேசியிலேயே குறிக்கலாம். சோளகக் காற்றுப் பருவத்தில் ஒரு முறை, வாடைக் காற்றுப் பருவத்தில் ஒரு முறை. ஒரே பருவத்தில் எண்ணினால், வேறு மாவட்டத்திலிருந்து வந்து வாடி போடுகிறவர்கள் கணக்கில் வரமாட்டார்கள்.

நட்டஈட்டில் பிழை நேர்வதும் இங்கேதான். கரைவலை வருமானம் பங்கு முறை. இழுப்பவருக்குச் சம்பளச் சீட்டு கிடையாது. பணம் சம்மாட்டியாரோடு நின்றுவிட்டால் கயிறு பிடித்தவர் வெறுங்கை. மீனவர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை மட்டும் நம்பினால், கருவாடு காயவிடும் பெண்களும் விடுபடுவார்கள்.

கூட்டத்தைப் பிரதேச செயலகத்தில் காலை பத்து மணிக்கு வைத்துவிட்டு, 'யாரும் வரவில்லை' என்று அறிக்கை எழுதுவது வழக்கமாகிவிட்டது. அது வலை இழுக்கும் நேரம்! கத்தோலிக்க ஊரென்றால் ஞாயிறு பூசைக்குப் பிறகு, முஸ்லிம் ஊரென்றால் ஜும்மா நேரம் தவிர்த்து, சங்கக் கட்டடத்திலேயே கூடலாம்.

சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கைக்குப் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 வேலை நாள்கள்தான். தமிழ்ச் சுருக்கம் முதல் நாளே சங்கத்தில் இருக்கவேண்டும். பத்தரமுல்லையில் உள்ள மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்குப் போய்ப் புரட்டிப் பார்ப்பதென்றால் தொழில் கெடும்.

'கரண்ட் பில் குறையுமா?' என்று கட்டாயம் கேட்பார்கள். வீட்டு மின்கட்டணம் நாடு முழுக்க ஒன்றுதான், காற்றாலை ஊரென்று குறையாது. அதை நேரே சொல்லிவிடுங்கள்.

அணுகு பாதை போடுமுன் மாரியில் ஒரு நாள் இடத்தைப் பாருங்கள். தட்டை நிலத்தில் மண் உயர்த்திய வீதி அணைக்கட்டுபோல் மழைநீரை மறிக்கும். மதகு எங்கே வேண்டும் என்பதை, முற்றத்தில் வெள்ளம் நின்ற வீட்டுக்காரரே காட்டுவார்.